டெஸ்க்டாப்புக்கு பேஸ்ட், லேப்டாப்புக்கு வேறு: சில வருட அனுபவம்

பிராசஸருக்கும் அதைக் குளிர்விக்கும் உலோகப் பாகத்துக்கும் நடுவே பூசும் தெர்மல் பேஸ்ட்டை வாங்கும்போது பெரும்பாலும் அட்டையில் போட்டிருக்கும் வெப்பக் கடத்துத்திறன் எண்ணைத்தான் பார்க்கிறோம். ஒரு டெஸ்க்டாப்பையும் ஒரு கேமிங் லேப்டாப்பையும் வருடக்கணக்கில் ஓட்டிப் பார்த்ததில், பூசிய இடத்திலேயே பேஸ்ட் நிற்குமா என்பதுதான் முதல் கேள்வி என்று எனக்குப் படுகிறது.

டெஸ்க்டாப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ரைசன் 5 3600 பிராசஸர், ஆர்க்டிக் எம்எக்ஸ்-4 பேஸ்ட். பூசியதோடு சரி, அப்புறம் கூலரைக் கழற்றவே இல்லை. சென்னை மே மாதத்தில் அறையின் சூடு ஏறுகிற அளவுக்கு பிராசஸரின் வெப்ப ரீடிங்கும் ஏறும், மழை வந்தால் இறங்கும். அதற்குப் பேஸ்ட்டைக் குறை சொல்ல முடியாது.

பேஸ்ட்டின் வேலை ரொம்பச் சாதாரணமானது. சிப்பின் மேற்பரப்பும், அதன் சூட்டை வாங்கிக்கொள்ளும் உலோகப் பாகமான ஹீட்சிங்க்கின் அடிப்பரப்பும் கண்ணுக்கு மழமழவென்று தெரிந்தாலும் நுண்ணிய மேடுபள்ளங்கள் உண்டு. அந்தப் பள்ளங்களில் காற்று தங்கும். காற்றின் கடத்துத்திறன் மீட்டர்-கெல்வினுக்கு 0.026 வாட் அளவுதான். செம்புக்கு 400 வாக்கில். பேஸ்ட் செம்பின் பக்கத்தில்கூட வராது, ஆனால் காற்றைவிட நூறு மடங்குக்கு மேல் தேவலை. அதனால்தான் காற்றை வெளியேற்றும் அளவுக்கு மெல்லிய படலம் போதும், அப்பி வைக்க வேண்டியதில்லை.

லேப்டாப்பில்தான் ஆட்டமே மாறியது. டெஸ்க்டாப் பிராசஸருக்கு மேலே ஓர் உலோக மூடி இருக்கும். லேப்டாப்பில் சிலிக்கான் சிப்பின் மேல் நேரடியாக ஹீட்சிங்க் உட்காரும். சூடாகி ஆறும்போதெல்லாம் சிப்பும் ஹீட்சிங்க்கின் செம்பும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்க, நடுவில் இருக்கும் பேஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குப் பிதுங்கிவிடும். பம்ப்-அவுட் என்பார்கள். கடத்துத்திறன் 12க்கு மேல் என்று போட்டிருந்த விலை உயர்ந்த பேஸ்ட் ஒன்றைப் பூசினேன். முதல் சில வாரங்கள் அருமை. பிறகு அதே கேமில் 95 டிகிரி, ஃபேன் சத்தம் அடுத்த அறைவரை. திறந்து பார்த்தால் ஓரமெல்லாம் பேஸ்ட், நடுவில் சிப் பளபளக்கிறது. திரும்பப் பூசினாலும் அதே கதைதான்.

அதன் பிறகு ஹனிவெல்லின் பிடிஎம்7950 தாளுக்கு மாறினேன். அறை வெப்பத்தில் திடமாக இருக்கும், சுமார் 45 டிகிரியில் இளகிப் பள்ளங்களை நிரப்பும். அந்த நிலையிலும் தண்ணீராக ஓடாமல் கெட்டியாகவே இருப்பதால் எளிதில் பிதுங்காது. இதன் கடத்துத்திறன் எண் 8.5 தான். முதல் நாள் ரீடிங்கில் அதிசயம் எதுவும் இல்லை, புதிதாகப் பூசிய பேஸ்ட்டை ஒட்டியே இருந்தது. இரண்டு கோடை தாண்டியும் அங்கேயே நிற்கிறது, நான் காசு கொடுத்தது அதற்குத்தான். ஒட்டும் முன் கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் பிளாஸ்டிக் படலம் கிழியாமல் உரியும். போலிகளும் நிறைய உலவுகின்றன. விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் வேண்டாம்.

மெமரி சிப்களுக்கும் மின்சுற்றுப் பாகங்களுக்கும் தெர்மல் பேட் என்கிற மெத்தென்ற தாள். அங்கே ஹீட்சிங்க்குக்கும் சிப்புக்கும் நடுவே அரை மில்லிமீட்டரிலிருந்து இரண்டு, மூன்று மில்லிமீட்டர்வரை இடைவெளி இருக்கும், பேஸ்ட் எட்டாது. தடிமன் தவறினால் எல்லாம் தவறும். மெலிந்த பேட் தொடவே தொடாது. தடித்தது ஹீட்சிங்க்கைத் தூக்கிவிட, மெமரி குளிர்ந்து ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) கொதிக்கும். ஆர்டிஎக்ஸ் 3090 கிராஃபிக்ஸ் கார்டு வந்த புதிதில் அதில் கிரிப்டோ மைனிங் செய்தவர்கள் மெமரி 110 டிகிரியைத் தொடுகிறது என்று பேட்களை மாற்றியது நினைவிருக்கலாம். அவர்களில் சிலரும் இந்தத் தடிமனில்தான் மாட்டினார்கள். பழைய பேட்டைப் பிய்த்து அளந்தால் அழுந்திப்போன அளவுதான் கிடைக்கும், அதே மாடலுக்கு மற்றவர்கள் போட்ட அளவையும் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

பேஸ்ட்டுக்குப் பதிலாகச் சிலர் பூசும் திரவ உலோகத்தை நான் இதுவரை தொடவில்லை. குளிர்விப்பதில் இவை எல்லாவற்றையும் விட மேல்தான், பிஎஸ்5 கேம் கன்சோலிலேயே இருக்கிறது. ஆனால் அதிலுள்ள காலியம் அலுமினியத்தை அரிக்கும், ஒரு துளி வெளியே போனால் போர்டில் ஷார்ட் ஆகும். பையில் போட்டு பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு போகிற லேப்டாப்புக்கு அது வேண்டவே வேண்டாம்.