டிஸ்பேஸில் ஏரி வரைபடங்கள்: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பிறகு

பெங்களூரில் ஓர் ஆய்வு நூலகத்தின் மின்களஞ்சியத்தைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். பெல்லந்தூர், வர்த்தூர், அல்சூர் ஏரிகளின் எல்லைகள், மழைநீர்க் கால்வாய்கள், பழைய நில அளவைத் தாள்களின் ஸ்கேன் என ஆய்வாளர்கள் ஒப்படைக்கும் எல்லாமே டிஸ்பேஸில்தான் சேர்கின்றன. எம்ஐடி நூலகமும் ஹெச்பி ஆய்வகமும் 2002-இல் வெளியிட்ட, மின்களஞ்சியம் நடத்த உதவும் கட்டற்ற மென்பொருள் அது.

கோப்பைக் காப்பதில் அதன்மேல் எனக்கு முழு நம்பிக்கை உண்டு. ஒவ்வொரு கோப்புக்கும் சரிபார்ப்பு எண் கணக்கிட்டு வைத்துக்கொள்கிறது. மறுபடி கணக்கிடும்போது ஒரு பைட் மாறியிருந்தாலும் காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் கோப்பு பிழைத்திருந்தும் வரைபடம் செத்துப்போக முடியும்.

ஒரு முனைவர் பட்ட மாணவி பெல்லந்தூர் எல்லையை இறக்கி, செயற்கைக்கோள் படத்தின்மேல் வைத்துப் பார்த்துவிட்டு, “அக்கா, ஏரிக்கரை குடியிருப்புக்குள் போய் நிற்கிறதே” என்றார். கோப்பில் பழுதே இல்லை. எல்லையை வரைய எடுத்த பழைய தாள் எவரெஸ்ட் நீள்வட்டத்தின்படி, அதாவது பழைய இந்திய நில அளவை பூமியின் வடிவத்துக்குக் கொண்ட கணக்கின்படி அமைந்தது. செயற்கைக்கோள் படமோ ஜிபிஎஸ் பின்பற்றும் டபிள்யூஜிஎஸ் 84 கணக்கின்படி அமைந்தது. இரண்டுக்கும் பெங்களூரில் 100 மீட்டருக்கு மேல் விலகல். எந்தக் கணக்கில் வரையப்பட்டது என்று சொல்ல வேண்டிய பிஆர்ஜே கோப்பு எங்களிடம் ஒப்படைக்கப்படவே இல்லை. ஏரி ஆக்கிரமிப்பு நீதிமன்றம்வரை போகும் ஊர் இது. அந்த 100 மீட்டரில் ஒரு தெருவே அடங்கிவிடும்.

ஆய்வாளர்கள் வரைபடத் தரவைத் தரும் ஷேப்ஃபைல் என்ற கோப்பு வடிவத்தின் தொல்லை இதுதான். ஒரே வரைபடம் குறைந்தது மூன்று கோப்புகளாகச் சிதறிக் கிடக்கிறது. அதன் தரவு அட்டவணையில் நெடுவரிசைத் தலைப்புக்குப் பத்து எழுத்துதான் இடம். அதுவும் ஆங்கில எழுத்து. தலைப்பின் கடைசியில் இருக்கும் ஆண்டு வெட்டுப்பட்டால், எந்தப் பரப்பளவு எந்த ஆண்டுக்கு உரியது என்று யாரிடம் கேட்பது? எழுத்துக் குறிமுறை தவறினால் கன்னட ஊர்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடும்.

இப்போது மூலக் கோப்பைத் தொடாமல் வைத்து, பக்கத்திலேயே ஜியோபேக்கேஜ் என்ற வேறொரு வரைபடக் கோப்பு வடிவில் பிரதி ஒன்றையும் சேர்க்கிறோம். 2014-இல் தரப்படுத்தப்பட்ட வடிவம். எஸ்கியூலைட் தரவுத்தளமாக எல்லாம் ஒரே கோப்பில் அடங்கிவிடுகிறது, இடங்களை எண்களால் குறிக்கும் ஆயத்தொலை முறை உட்பட. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் நேராகத் திறக்கலாம்.

டிஸ்பேஸின் பெரிய குறை தேடல். கோப்புகளை விவரிக்க அது பயன்படுத்தும் டப்ளின் கோர் என்ற விவரக்குறிப்பு முறையில் இடத்துக்கான புலம் இருக்கிறது. வரைபடத்தின் நான்கு மூலைகளின் அட்சரேகை, தீர்க்கரேகையை அதில் எழுதி வைக்கிறோம். ஆனால் கூடுதல் வசதி சேர்க்காதவரை அது வெறும் எழுத்தாகவே கிடக்கும். வரைபடத்தில் கட்டம் போட்டுத் தேட முடியாது. அதற்கு ஜியோபிளாக்லைட் என்ற வரைபடத் தேடல் மென்பொருள் நன்றாகப் பொருந்தும், தனியாக நிறுவிப் பராமரிக்க ஆள் இருந்தால். எங்களைப் போன்ற சிறிய குழுவுக்கு டிஸ்பேஸே போதும் என்பேன். ஆயத்தொலை முறை, அளவிட்ட தேதி, மூலத் தாளின் அளவுகோல் ஆகிய மூன்றும் எழுதப்படாத எதையும் நாங்கள் இப்போது களஞ்சியத்தில் ஏற்றுவதில்லை. ஆய்வாளர்கள் முணுமுணுக்கிறார்கள், எழுதியும் தருகிறார்கள்.