டேஷ்போர்டு வினைல்: ஊட்டி ஈரத்துக்கும் மேட்டுப்பாளையம் வெயிலுக்கும்

விரிசல் விட்ட டேஷ்போர்டுக்குப் புது உறை போட, நாலாபக்கமும் இழுபடும் வினைல் என்ற பிளாஸ்டிக் உறைதான் சரி. சீட்டுக்குப் போடும் ரெக்சின் வளைவுகளில் மடிப்பு விழும். தோல் அழகு, ஆனால் ஊட்டி ஈரத்தில் பூசணம் பிடிக்கும்.

விரிசல்மேலேயே ஒட்டித் தருவதை ஏற்காதீர்கள். டேஷ்போர்டைக் கழற்றி, விரிசலை 'வி' வடிவில் கீறி, வளைந்து கொடுக்கும் ஃபில்லர் நிரப்பி, 180 எண் உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். இல்லையேல் கோடு மேலே தெரியும்.

பசைதான் உயிர். இருபக்கமும் பூசி, விரலில் ஒட்டாத பதம் வந்தபின்பே ஒட்டணும். பனிமூட்ட நாளில் பசை உலரும்போது பரப்பு குளிர்ந்து ஈரம் படியும், பிடிப்பு நிற்காது. சாதாரணப் பசையோ, மேட்டுப்பாளையம் இறங்கி வெயிலில் நிறுத்தினால் இளகி, முன்கண்ணாடி ஓரத்தில் வினைல் தூக்கிக்கொள்ளும். வெப்பம் தாங்கும் பசையைக் கேட்டு வாங்குங்கள். ஏர்பேக் மூடிமேல் மட்டும் எதையும் ஒட்ட விடாதீர்கள்.