ஓசிடி-க்கு ஈஆர்பி சிகிச்சை: கதவை விட்டு நகர வைத்த பயிற்சி

எனக்கு ஓசிடி, அதாவது வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, ஒரே செயலை மறுபடி மறுபடி செய்ய வைக்கும் மனநலக் கோளாறு; பூட்டிய கதவையே திரும்பத் திரும்பச் சரிபார்ப்பேன். முதலில் பார்த்த ஆலோசகர் "மனசைத் திடமா வச்சுக்கோங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதனால் ஒரு பலனும் இல்லை. இப்போது பார்க்கும் உளவியலாளர் முதல் நாளே ஓசிடி எவ்வளவு தீவிரம் என்று அளக்கும் யேல்-பிரவுன் அளவுகோலின் 10 கேள்விகளைக் கேட்டு, 40-க்கு எவ்வளவு என்று குறித்துக்கொண்டார்.

அப்புறம் ஈஆர்பி பயிற்சி: பதற்றம் தரும் சூழலை நேராகச் சந்தித்து, சரிபார்க்கும் பழக்கத்தைச் செய்யாமல் இருப்பது. கதவை ஒரே தடவை பூட்ட வேண்டும். இழுத்துப் பார்க்கக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது, "பூட்டிட்டேனா?" என்று மனைவியிடம் கேட்கவும் கூடாது. நெஞ்சு படபடத்தது, உள்ளங்கை நனைந்தது. உளவியலாளர் கூடவே நின்றார்; ஆனால் "பூட்டியாச்சு" என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அந்த உறுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. பதற்றம் தானாகவே இறங்கியது.

மூளையில் ஆர்பிட்டோஃப்ரன்டல் புறணி, காடேட், தலாமஸ் என்ற பகுதிகளுக்கு இடையிலான சுற்று ஓயாமல் எச்சரித்துக்கொண்டே இருப்பதை நிதானமாக விளக்கினார். 1992-இல் வெளியான பெட் ஸ்கேன் (மூளையின் இயக்கத்தைக் காட்டும் படம்) ஆய்வில், மாத்திரையால் குணம் கண்டவர்களுக்கும் பயிற்சியால் குணம் கண்டவர்களுக்கும் காடேட்டின் மிகைவேகம் தணிந்ததாம். இது எனக்குப் பெரிய தெம்பு.

ஒரு குறை: ஓசிடி-க்குத் தரும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரை வேலை செய்ய 8 முதல் 12 வாரம்கூட ஆகலாம் என்பதை முன்பே சொல்லியிருக்கலாம். மற்றபடி, இவரிடம் தாராளமாகப் போகலாம். எங்கே போனாலும் சரி, "ஈஆர்பி செய்வீர்களா?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.