ஆம்ப்ளிஃபயருக்கு எந்த ஈயம்?

சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுப் பின்கட்டு மேசையில் நாலு சுருள் ஈயக்கம்பி கிடக்கிறது. பக்கத்து வீட்டுத் தம்பி புதிதாக ஆம்ப்ளிஃபயர் கிட் வாங்கி வந்து, "அண்ணே, இதுல எதை வச்சு ஒட்டுறது?" என்றான்.

பேச்சில் ஈயம் என்றாலும் உள்ளே இருப்பது வெள்ளீயமும் காரீயமும். 60/40 சுருளில் வெள்ளீயம் 60 பங்கு, காரீயம் 40. இன்னொன்று 63/37. மூன்று பங்கு வித்தியாசம்தானே என்று நினைக்கலாம். ஒட்டிப் பார்த்தால் தெரியும். 63/37 சரியாக 183 டிகிரியில் உருகும், அதே சூட்டில் இறுகும். 60/40 அந்தச் சூட்டில் இளக ஆரம்பித்து 190 வாக்கில்தான் முழுசாக ஓடும். ஆறும்போதும் அந்த இடைவெளியில் களி மாதிரி நிற்கும். அப்போது, பாட்டு ஒயர் சொருகும் ஆர்சிஏ சாக்கெட்டில் நீங்கள் பிடித்திருக்கும் ஒயர் ஒரு நூல் அசைந்தால் போச்சு. பளபளப்பு செத்து, மேலே சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். பார்க்க ஒட்டியிருக்கும், பாட்டுப் போட்டால் கரகரக்கும். சாக்கெட், வால்யூம், சுவிட்ச் என்று வீட்டு ஆடியோ வேலையில் பாதி, கையால் ஒயர் பிடித்து ஒட்டுவதுதான். அதனால் என் ஓட்டு 63/37க்கு.

கூலிம் ஃபேக்டரியில் வேலை பார்த்த என் மச்சான் காரீயம் இல்லாததைத்தான் வாங்கச் சொல்வான். ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலையில் கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு பரவிய ரகம் அது. வெள்ளீயத்தோடு 3 விழுக்காடு வெள்ளி, அரை விழுக்காடு செம்பு. உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும். அவனுக்கு அங்கே சூட்டை நிலையாக வைக்கும் நல்ல சால்டரிங் ஸ்டேஷன் இருந்தது. என்னிடம் இருப்பது 30 வாட் சால்டரிங் அயர்ன். அதை வைத்துக்கொண்டு தடித்த எர்த் ஒயரில் மல்லுக்கட்டி, போர்டிலிருந்த செம்புத் தகட்டையே பெயர்த்திருக்கிறேன். இன்னொரு தொல்லை, இந்த ரகம் நன்றாக ஒட்டினாலும் மங்கலாகத்தான் தெரியும். பழகாதவன் நல்லதையும் கெட்டதையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பான்?

காரீயத்துக்குப் பயப்படுவது நியாயம்தான். ஆனால் அயர்ன் சூட்டில் காரீயம் ஆவியாவதில்லை. எழும் புகை, ஈயம் நன்றாகப் பரவிப் பிடிக்க உதவும் ரோசின் (மரப்பிசின்) ஃபிளக்ஸுடையது. அதுவும் நெஞ்சுக்கு ஆகாது, ஜன்னலைத் திறந்து வையுங்கள். காரீயம் கை வழியாகத்தான் வாய்க்குப் போகும். ஒட்டிய கையோடு நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள்.

வெள்ளி கலந்த 'ஆடியோ ஈயம்' என்று கூடுதல் விலைக்கு ஒரு சுருள் வாங்கினேன். 62/36/2, அதாவது வெள்ளி 2 விழுக்காடு. வெள்ளி பூசிய முனைகளில் அந்தப் பூச்சு கரைந்து போகாமல் காக்கும், அவ்வளவுதான். சாதாரண ஈயம் செம்பில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்குதான் மின்சாரம் கடத்தும். ஒட்டும் இடமோ ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதில் என்ன இசை மாறப்போகிறது? ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை!

கலவையைவிட ஃபிளக்ஸில்தான் நான் சூடுபட்டேன். ஒருமுறை ரோசின் தீர்ந்துபோய், ஹார்ட்வேர் கடையில் கூரைப் பீலி ஒட்டும் அமில ஃபிளக்ஸ் டப்பா வாங்கி வந்தேன். என்னமாய் ஓடியது ஈயம்! நம்ம ஊர் ஈரக்காற்றில் சில மாதம் கழித்துத் திறந்தால், ப்ரீ ஆம்ப் போர்டு முழுக்கப் பச்சை பூத்திருந்தது.

தம்பியிடம் 63/37, ரோசின் உள்ளே வைத்த 0.8 மில்லிமீட்டர் சுருளைக் கொடுத்தேன். அமில டப்பா வீட்டில்தான் இருக்கிறது. பீலி ஒழுகினால் தேவைப்படும்.