நாடி அலையை எந்தக் கருவியில் பார்ப்பது?

முழு உடல் பரிசோதனைக்குப் போன நண்பர் ஒருவர் கையில் தாளோடு வந்தார். வயது 48. தாளில் "ரத்தக் குழாய் வயது: 61" என்று இருந்தது. விரலில் ஒரு கிளிப்பை மாட்டி இரண்டு நிமிடத்தில் எடுத்த கணக்கு அது. பயந்துபோய் அடுத்த வாரம் வேறோர் இடத்தில் இரண்டு கை, இரண்டு காலிலும் பட்டை சுற்றிப் பார்த்தார். அங்கே 1380 என்று வந்தது. "பத்துக்குள்ள இருக்கணும்னு எங்கயோ படிச்சேன், இது என்னப்பா 1380?" என்றார்.

இரண்டுமே நாடி அலையைத்தான் பார்க்கின்றன. இதயம் சுருங்கும்போது ரத்தத்தோடு ஓர் அழுத்த அலையும் கிளம்பும். அது ரத்தத்தைவிடப் பல மடங்கு வேகமாக ஓடும். குழாய் விறைக்க விறைக்க வேகம் கூடும். மோன்ஸ், கோர்டவெக் என்ற இரண்டு டச்சு அறிஞர்கள் இதை 1878இலேயே சமன்பாடாக எழுதிவிட்டார்கள். இளம் வயதில் மகாதமனியில், அதாவது இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாயில், நொடிக்கு 5, 6 மீட்டர் இருக்கும். வயதும் ரத்த அழுத்தமும் ஏறும்போது 10ஐத் தாண்டும். அந்த அலையை உடம்பின் எந்த இடத்தில் பிடிக்கிறோம் என்பதில்தான் கருவிக்குக் கருவி வித்தியாசம்.

மற்ற எல்லாவற்றுக்கும் உரைகல், கழுத்து நாடியிலிருந்து தொடை நாடி வரை அளக்கும் முறை. ஸ்பிக்மோகோர், காம்ப்ளியோர் போன்ற கருவிகள் இந்த வகை. உணரியைக் கழுத்திலும் கவட்டையிலும் வைத்து, அலை இரண்டு இடத்துக்கும் வந்து சேரும் நேர வித்தியாசத்தை எடுப்பார்கள். இரண்டுக்கும் நடுவே 60 செ.மீ. என்றால், அதில் 80 சதவீதமான 48 செ.மீ.தான் கணக்கில் வரும். அலைக்கு 60 மில்லி நொடி ஆனால் வேகம் நொடிக்கு 8 மீட்டர். ஐரோப்பிய நிபுணர்கள் 2012இல் சொன்ன எல்லை 10. நண்பர் படித்த பத்து இதுதான். வேகம் ஒரு மீட்டர் கூடினால் இதய நோய் நிகழ்வுகளுக்கான வாய்ப்பு சுமார் 14 சதவீதம் கூடுகிறது என்று 2010இல் வந்த தொகுப்பாய்வு காட்டியது. இவ்வளவு ஆதாரம் வேறு எந்த முறைக்கும் இல்லை. சிக்கல் எல்லாம் நடைமுறையில்தான். கவட்டையில் உணரி வைக்கப் பலரும் கூச்சப்படுவார்கள், பழகிய கை வேண்டும். தொப்பை உள்ளவருக்கு டேப்பை வயிற்றின் மேல் வளைத்து அளந்தால் தூரம் கூடி, இல்லாத விறைப்பு தாளில் ஏறிவிடும்.

கூச்சத்துக்கு ஜப்பான்காரர்கள் கண்ட வழி நான்கு பட்டை முறை. படுத்துக்கொண்டால் போதும். மேற்கையிலிருந்து கணுக்கால் வரை அளப்பதால் கால் தமனிகளும் சேர்ந்துவிடுகின்றன. அவை மகாதமனியைவிட விறைப்பானவை, அதனால் எண் இயல்பாகவே பெரிதாக வரும். போதாததற்கு அது செ.மீ. கணக்கு: 1380 என்றால் நொடிக்கு 13.8 மீட்டர். இங்கே 1400 வரை பெரிதாகக் கவலையில்லை, 1800ஐத் தாண்டினால்தான் உஷாராக வேண்டும். கழுத்து–தொடை முறையின் பத்தை இதோடு ஒப்பிடுவது கிலோவையும் பவுண்டையும் ஒப்பிடுவது மாதிரி. இதில் கணுக்கால்–கை அழுத்த விகிதமும் சேர்ந்தே கிடைப்பதால், கால் குழாய் அடைப்பு இருந்தால் தெரிந்துவிடும். சர்க்கரை நோயாளிகளுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஒரே எச்சரிக்கை: காலில் அடைப்பு முற்றியிருந்தால் அலை தாமதமாகப் போய்ச் சேரும், வேகம் பொய்யாகக் குறைந்து 'நல்ல' எண் வரும்.

ஒற்றைக் கைப்பட்டை முறை அலையின் வடிவத்தை வைத்துக் கணிப்பது. இந்த யோசனை பழையது. பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகமதுவின் பேரன் பிரெடரிக் அக்பர் முகமது, பிபி பட்டை வருவதற்கு முன்பே, 1870களில் லண்டன் கைஸ் மருத்துவமனையில் மணிக்கட்டு நாடியின் வரைபடத்திலேயே உயர் அழுத்தத்தை அடையாளம் கண்டார். இன்றைய கருவிகள் மேற்கை அலையிலிருந்து மகாதமனியின் அழுத்தத்தைக் கணிக்கின்றன. அதற்கு மதிப்பு உண்டு. 2006இல் வந்த கேஃப் ஆய்வில் அட்டெனலால், அம்லோடிபின் என்ற பிபி மருந்துகளின் அடிப்படையிலான இரண்டு சிகிச்சைகளிலும் கையில் அழுத்தம் கிட்டத்தட்ட ஒன்றே. மகாதமனியில் மட்டும் அம்லோடிபின் பக்கம் சுமார் 4 புள்ளி குறைவு. ஆனால் மொபில்-ஓ-கிராஃப் போன்ற கருவிகள் தரும் அலை வேகம் பெரும்பாலும் வயதையும் மேல் அழுத்தத்தையும் வைத்துப் போட்ட கணக்கு. வயதை மாற்றிப் போட்டால் வேகமும் மாறும்! நமக்குத் தெரிந்த வயதையே நம்மிடம் திருப்பிச் சொல்வதற்கு எதற்குக் காசு?

விரல் கிளிப்பும் கைக்கடிகாரமும் கடைசி. ஒளியை வைத்துத் தோலடி ரத்தத்தின் ஏற்ற இறக்கத்தைப் பார்ப்பவை. ஏசி அறையில் விரல் சில்லிட்டாலே வடிவம் மாறிவிடும். இதை நம்பி யாரையும் பயமுறுத்தக் கூடாது.

சென்னை ஐஐடி உருவாக்கிய ஆர்ட்சென்ஸ் என்ற கருவி தனி ரகம். கழுத்துத் தமனி எவ்வளவு விரிந்து சுருங்குகிறது என்பதைப் படமில்லாத அல்ட்ராசவுண்டில் நேரடியாக அளக்கிறது. அளப்பது மகாதமனியை அல்ல, கழுத்தை. ஆனாலும் ஊகமில்லை என்பதால் எனக்குப் பிடிக்கும்.

சரி, இதற்காகப் பரிசோதனைப் பேக்கேஜ் வாங்க வேண்டுமா? அலை வேகத்தைப் பார்த்து மருந்தைக் கூட்டிக் குறைத்தால் பலன் உண்டா என்று பிரான்ஸில் ஸ்பார்ட் ஆய்வு சோதித்தது. 2021இல் வந்த முடிவில், வழக்கமான சிகிச்சையைவிட இதய நிகழ்வுகள் குறிப்பிடும்படி குறையவில்லை. நண்பரின் தாளில் பிபி 148/92 என்று ஓரமாக இருந்தது. 61 என்ற எண்ணுக்குத்தான் சிவப்பு வட்டம். முதலில் அந்த பிபிக்கு டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். அடுத்த வருடமும் அலை பார்க்கத்தான் வேண்டும் என்றால் அதே நான்கு பட்டைக் கருவியில், மூன்று மணி நேரம் காபியும் சிகரெட்டும் இல்லாமல், பத்து நிமிடம் படுத்திருந்துவிட்டு. காபிக்குத்தான் யோசிக்கிறார்.