பிக்கப்பின் முன் பிரேக்கை வீட்டிலேயே மாற்றியது: பேட் பாதி தேய்ந்த பிறகு எழுதும் அனுபவம்

சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டான டிஸ்க்கும், அதை இருபுறமும் நெருக்கிப் பிடிக்கும் பேடுகளும் புதிதாக மாட்டிய அன்று எந்த வண்டியிலும் பிரேக் நன்றாகத்தான் பிடிக்கும். அதை வைத்து வேலை சரியாக நடந்ததா என்று சொல்லிவிட முடியாது. அதனால்தான் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். இப்போது பேடுகள் ஏறத்தாழ பாதி தேய்ந்துவிட்டன. பாரம் ஏற்றியும் காலியாகவும், மலைப்பாதையிலும், தண்ணீர் தேங்கிய சாலையிலும் வண்டி ஓடியிருக்கிறது. சமீபத்தில் முன் சக்கரங்களைக் கழற்றி எல்லாவற்றையும் அளந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதில் 11 மி.மீ. இருந்த பேட் இப்போது உள்பக்கம் 6, வெளிப்பக்கமும் 6. இரண்டு சக்கரத்திலும் அப்படியே. வேகத்தில் பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் உதறுவதில்லை. எனக்கு வேண்டியிருந்தது இந்த இரண்டும்தான்.

முன்பு ஒரு ஒர்க்‌ஷாப்பில் பேட் மட்டும் மாற்றியிருந்தேன். கொஞ்ச காலம் எந்தக் குறையும் இல்லை. அப்புறம் 80 கி.மீ. வேகத்தில் பிரேக்கைத் தொட்டாலே ஸ்டியரிங் உதற ஆரம்பித்தது. உள்பக்கப் பேட் தகடு வரை தேய்ந்திருக்க, வெளிப்பக்கப் பேட் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. டிஸ்க் சூட்டில் வளைந்துவிட்டது என்றார்கள். எல்லோரும் சொல்லும் காரணம் அதுதான். பெரும்பாலும் டிஸ்க் வளைவதில்லை. அதன் தடிமன் இடத்துக்கு இடம் மாறிவிடுகிறது. மெல்லிய இடமும் தடித்த இடமும் பேடுகளுக்கு நடுவே மாறி மாறி வரும்போது பேடை அழுத்தும் பிஸ்டன் முன்னும் பின்னும் தள்ளப்படுகிறது. அதுதான் காலுக்கும் கைக்கும் உதறலாக வருகிறது.

தடிமன் ஏன் மாறுகிறது என்பதுதான் இந்த வேலையின் மையம். டிஸ்க்கும் சக்கரமும் உட்காரும் நடுப்பகுதியான ஹப்பின் முகத்தில் துரு படிந்திருந்தால் புது டிஸ்க்கும் துளி சாய்ந்துதான் உட்காரும். ஹப்பில் கண்ணுக்குத் தெரியாத அந்தச் சாய்வு டிஸ்க்கின் வெளிவிளிம்புக்குப் போகும்போது பெரிதாகிவிடும். பல வண்டிகளில், டிஸ்க் சுற்றும்போது விளிம்பு பக்கவாட்டில் அசையும் இந்த ஆட்டம் 0.05 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. ஏறத்தாழ ஒரு தலைமுடியின் அளவு! அதைத் தாண்டினால், பிரேக் மிதிக்காமல் ஓடும்போதும் டிஸ்க்கின் ஒரே இடம் ஒவ்வொரு சுற்றிலும் பேடில் உரசிக்கொண்டே இருக்கும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய பிறகுதான் உதறல் வெளியே தெரியும். அதற்குள் மாட்டிய நாளை எல்லோரும் மறந்துவிடுவோம், பழி டிஸ்க் கம்பெனி மேல் விழும்.

அதனால் இந்த முறை நேரத்தில் பெரும்பகுதியைத் துரு எடுப்பதற்கே கொடுத்தேன். பழைய டிஸ்க் ஹப்போடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. பல டிஸ்க்குகளின் நடுக் கிண்ணத்தில் மரை போட்ட இரண்டு ஓட்டைகள் இருக்கும். அதில் 8 மி.மீ. போல்ட்டை மாற்றி மாற்றி இறுக்கினால் அதுவே டிஸ்க்கை வெளியே தள்ளிவிடும். அதன் பின்னால் இருந்த ஹப்பின் முகம் செதில் செதிலாகச் சிவந்திருந்தது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, அப்புறம் உப்புத்தாளால் தேய்த்தேன். வீல் நட் மாட்டும் ஸ்டட் ஒவ்வொன்றின் அடியிலும் வளையமாகக் கெட்டியான துரு நிற்கும். பிரஷ் அங்கே போகாது, உப்புத்தாளைச் சிறு துண்டாக மடித்துச் சுற்றித்தான் எடுக்க வேண்டும். விரலை ஓட்டினால் எங்கும் தட்டக் கூடாது. டிஸ்க்கைப் போட்டு, வீல் நட்டுகளை வாஷர் வைத்து இறுக்கி, நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்தேன். முள் 0.03 மி.மீ.க்குள் நின்றது.

அடுத்தது, பேடுகளை அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான பின்கள். உள்பேட் தேய்ந்து வெளிப்பேட் அப்படியே இருந்தால் முதல் சந்தேகம் இவற்றின் மேல்தான் வர வேண்டும். ஒரே பக்கம் பிஸ்டன் உள்ள காலிப்பரில் உள்பேடைப் பிஸ்டன் தள்ளும். வெளிப்பேடை இழுத்து அழுத்துவது காலிப்பர் இந்தப் பின்களில் நகர்வதால்தான். பின் இறுகிவிட்டால் உள்பேட் ஒன்றே எல்லா வேலையும் செய்யும். என் வண்டியில் இடப்பக்கத்துக் கீழ்ப் பின்னைக் கையால் அசைக்க முடியவில்லை. கழற்றித் துடைத்து, ரப்பர் பூட் புதிதாகப் போட்டு, பிரேக்குக்கென்றே வரும் சிலிகான் கிரீஸ் தடவினேன். சாதாரண பேரிங் கிரீஸ் இங்கே ஆகாது, ரப்பர் ஊதிப் பின் மறுபடி இறுகிவிடும். இரண்டு பின்களும் எப்போதும் ஒரே மாதிரி இருக்காது, சில காலிப்பர்களில் ஒன்றின் நுனியில் ரப்பர் உறை இருக்கும். எது மேலே, எது கீழே என்று கழற்றும்போதே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற வேலைகள் பலருக்கும் தெரிந்தவை. சமதளத்தில் நிறுத்தி, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, வண்டியை ஸ்டாண்டில் உட்கார வைத்த பிறகே கை வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிப் பிக்கப்புக்கு அடியில் போகவே கூடாது. காலிப்பரை பிரேக் ஆயில் வரும் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலே டப்பாவில் பிரேக் ஆயில் ஏறும், வழிந்தால் பெயிண்ட் உரிந்துவிடும். புது டிஸ்க்கின் மேல் துரு பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள், அதை பிரேக் கிளீனரால் முழுக்கத் துடைத்தெடுக்க வேண்டும். பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் எடுங்கள். எல்லாம் முடிந்ததும் வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும் வரை மிதித்துக்கொள்ளுங்கள். முதல் சில மிதிகள் தரை வரை போகும், அந்த நிலையில் வண்டியை எடுத்தால் நிற்காது. நட்டுகளை நட்சத்திர வரிசையில், இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரென்ச் வைத்து, கையேட்டில் உள்ள அளவுக்கே இறுக்குங்கள்.

பேட் தேர்வில் எனக்குப் பெரிய குழப்பம் இல்லை. பாரம் ஏற்றும் வண்டிக்கு உலோகம் கலந்த செமி மெட்டாலிக் பேட் போட்டேன். சூட்டைத் தாங்குகிறது, நீளமான இறக்கத்தில் பிடிப்பு குறையவில்லை. குறை என்றால், ரிம் சீக்கிரம் கறுத்துவிடுகிறது. குளிர்ந்த காலையில் முதல் ஓரிரு மிதிக்கு லேசான உறுமல் உண்டு. மழையில் நின்ற வண்டியில் டிஸ்க்கின் மேல் மெல்லிய துரு வரும், இரண்டு மூன்று தடவை பிரேக் போட்டால் போய்விடும். காலியாகவே ஓடும் பிக்கப் என்றால் செராமிக் போதும், தூசியும் சத்தமும் குறைவு.

புதுப் பேட் டிஸ்க்கோடு பழகுவதற்கு 60 கி.மீ. வேகத்திலிருந்து 15 வரை மிதமாகக் குறைத்து, கொஞ்ச தூரம் ஓட்டிக் காற்றில் ஆறவிட்டு, மறுபடி அதையே சில தடவை செய்தேன். டிஸ்க் சூடாக இருக்கும்போது முழுதாக நிறுத்திப் பெடலை மிதித்துக்கொண்டே இருக்கக் கூடாது. அந்த ஒரே இடத்தில் பேடின் பொருள் ஒட்டிக்கொள்ளும், அதிலிருந்தும் உதறல் கிளம்பும்.

எல்லா பிக்கப்பும் இதற்குத் தோதானவை இல்லை. சில பழைய நாலு சக்கர இயக்க வண்டிகளில் டிஸ்க் ஹப்புக்குப் பின்னால் போல்ட் போடப்பட்டிருக்கும், பேரிங்கோடு பிரித்தால்தான் கழலும். பின்பக்கத்தில் எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் இருந்தால் அதைச் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோகாமல் பிஸ்டனைத் தள்ளக் கூடாது. ஹோஸில் வெடிப்போ, பெடலில் பஞ்சு போன்ற மெத்தென்ற உணர்வோ இருந்தால் அனுபவமுள்ளவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

சமீபத்தில் கழற்றியபோது இடப்பக்கப் பின் ஒன்று லேசாகக் கெட்டிப்பட்டிருந்தது. பேட் தேயும்வரை காத்திருக்காமல், மழைக்காலம் முடிந்ததும் பின்களுக்கு ஒரு தடவை கிரீஸ் வைப்பது என்று வைத்துக்கொண்டேன். பிரேக் ஆயிலையும் அதோடு மாற்றிவிட்டேன். டாட் 4 என்ற தரத்து ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் சேர்ந்தால் அதற்கு விதித்திருக்கும் குறைந்தபட்சம் 155 தான். பாரத்தோடு மலை இறங்கும் வண்டிக்கு அந்த வித்தியாசம் பெரியது.

டிஸ்க்கின் தடிமன் புதிதில் 28 மி.மீ., விளிம்பில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச அளவு 26. இப்போது சுற்றிலும் எட்டு இடத்தில் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தேன், எல்லா இடத்திலும் 27.4. அடுத்த செட் பேடுக்கு இதே டிஸ்க் போதும்.