முட்டிக்குப் போட்ட ஊசி, மணிக்கட்டுக்குப் போட்ட ஊசி

போன வாரம் எங்கள் தெரு அக்கா ஒருவர் தைத்த துணி வாங்க வந்தபோது கேட்டார்: "எனக்கும் உன்னை மாதிரி சரவாங்கிதானாம். மூட்டுக்குள்ளேயே ஊசி போடலாம்னு டாக்டர் சொல்றாரு. நீ போட்டவதானே, போட்டுக்கலாமா?" வாசலில் நின்று சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு இந்தச் சரவாங்கி, அதாவது மூட்டுகள் வீங்கி விறைத்துப்போகும் முடக்குவாதம், வந்து 11 வருஷம் ஆகிறது. வாரம் ஒரு நாள் நோயை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை, அப்புறம் ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின், நடுநடுவே ரத்தப் பரிசோதனை. இந்த நோய் உள்ளவர்களுக்கு இதெல்லாம் பழகிப்போன பாதைதான். மூட்டுக்குள் வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு ஊசி இதுவரை மூன்று முறை போட்டிருக்கிறேன். வலது முட்டியில் இரண்டு, வலது மணிக்கட்டில் ஒன்று. மூன்றுமே ட்ரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டு.

முட்டியைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. 2021-ல் நீர் கோர்த்து, தையல் மெஷினை மிதிக்கவே முடியாமல் போனது. டாக்டர் முதலில் அந்த நீரை உறிஞ்சி எடுத்தார். கலங்கலான மஞ்சள் நீர், சிரிஞ்சு நிறைய வந்தது. அதே ஊசி வழியாக 40 மில்லிகிராம் மருந்து உள்ளே போனது. அன்று ராத்திரி வலி கூடிவிட்டது. ஒன்றிரண்டு நாள் அப்படி இருக்கலாம் என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். ஐஸ் ஒத்தடம் கொடுத்தபடி படுத்திருந்தேன். மூன்றாம் நாள் காலை அடுப்பில் பாலை வைத்த பிறகுதான், சுவரைப் பிடிக்காமலேயே சமையலறைக்கு வந்திருக்கிறேன் என்பது உறைத்தது. அப்படியே நின்று அழுதேன். அதற்கு முன்பெல்லாம் காலை விறைப்பு விட 9 மணி ஆகிவிடும்.

ஏழு மாதம் அந்த முட்டி என்னைத் தொந்தரவு செய்யவில்லை. எனக்குச் சர்க்கரையும் உண்டு. வெறும் வயிற்றில் 130-க்குள் இருப்பது இரண்டு மூன்று நாளுக்கு 240 வரை போய் இறங்கியது. சர்க்கரை உள்ளவர்கள் அந்த வாரம் தினமும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, மணிக்கட்டுக்கு வருகிறேன்.

2023 ஆகஸ்ட் கடைசி. தீபாவளித் துணி குவிய ஆரம்பித்திருந்தது, என்னால் கத்தரிக்கோலை மூட முடியவில்லை. மணிக்கட்டில் ஊசி போட்டார்கள். நாலாம் நாள் லைனிங் துணியில் கத்தரி நிற்காமல் ஓடியது. அந்தத் தீபாவளிக்கு 60 ஜாக்கெட் தைத்துக் கொடுத்தேன். பிள்ளையின் காலேஜ் ஃபீஸ் அதில்தான் கட்டினேன். இதை நான் மறக்கவில்லை.

அக்டோபர் கடைசியில், ஊசி போட்ட இடத்தில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. துணியில் அளவு குறிக்கிற சாக்பீஸ் ஒட்டியிருக்கிறது என்று நினைத்து முந்தானையால் தேய்த்தேன். போகவில்லை. ஒரு மாதத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவு ஆனது. அங்கிருந்து முழங்கை பக்கமாக ஒரு கோடும் இழுத்துக்கொண்டு போனது. நடுவில் குழி விழுந்து, தோல் மெலிந்து, அடியில் பச்சை நரம்பு தெரிகிறது. என் மாநிறத்துக்கு அது தூரத்திலிருந்தே கண்ணில் படும்.

காரணத்தை அப்புறம் வேறொரு டாக்டர்தான் விளக்கினார். இந்த மருந்து பால் மாதிரி வெள்ளையாக இருப்பது அதிலுள்ள நுண்ணிய துகள்களால். அவை மெல்லக் கரைவதால்தான் பலன் மாதக்கணக்கில் நிற்கிறது. முட்டி ஆழமான மூட்டு. மணிக்கட்டிலோ தோலுக்கும் மூட்டுக்கும் நடுவில் சதையே கிடையாது. கொஞ்சம் மருந்து வெளியே கசிந்தாலும் தோலின் நிறத்தையும் அடியில் இருக்கும் கொழுப்பையும் கரைத்துவிடலாம். மேலாக இருக்கும் மூட்டுகளுக்குச் சீக்கிரம் கரையக்கூடிய வேறு ஸ்டீராய்டை விரும்பும் டாக்டர்களும் உண்டாம்.

அமெரிக்காவில் ஹாலண்டர் என்ற மருத்துவர் மூட்டுக்குள் ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டைப் போட்டதை எழுதியது 1951-ல். 70 வருஷத்துக்கு மேல் பழகிய சிகிச்சை இது. தோல் வெளுக்கலாம் என்பதும் டாக்டர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். வலி கூடும் என்றார்கள், சர்க்கரை ஏறும் என்றார்கள், காய்ச்சலோடு மூட்டு சிவந்து சுட்டால் உடனே வரச் சொன்னார்கள். இந்த ஒரு வரியை மட்டும் ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தாலும் ஒருவேளை சம்மதித்திருப்பேன். ஆனால் தெரிந்து சம்மதித்திருப்பேன்.

அளவு எடுக்கக் கையை நீட்டும்போது முதல் பார்வை அங்கேதான் விழுகிறது. "வெண்குஷ்டமா அக்கா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிவிடலாம். ஒரு பெண் எதுவும் கேட்காமல், நான் தொடாதபடி டேப்பைத் தன் கையிலேயே வாங்கிக்கொண்டாள். வெண்புள்ளியாகவே இருந்தாலும் தொட்டால் ஒட்டாது. அவளிடம் அதைச் சொல்ல எனக்கு அன்று வாய் வரவில்லை.

போன வருஷம் முட்டியில் மறுபடி போட்டுக்கொண்டேன், யோசிக்கவே இல்லை. ஒரே மூட்டில் அடிக்கடி போடக்கூடாது, குறைந்தது மூன்று மாத இடைவெளி வேண்டும் என்பார்கள். எனக்கு மூன்று வருஷ இடைவெளி கிடைத்தது. நோயை அடக்குவது வாராந்தர மாத்திரைதான் என்பதையும் மறந்துவிடாதீர்கள். ஊசி அந்த ஒரு மூட்டுக்கு மட்டும்தான்.

அக்காவுக்கு என் பதில்: முட்டி என்றால் பயப்படாமல் போங்கள். கை என்றால் என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், தோல் வெளுக்குமா என்று கேட்டுவிட்டுக் கையை நீட்டுங்கள்.

மணிக்கட்டு எனக்கு இந்த மாதம் மறுபடி வீங்கியிருக்கிறது. வேறு மருந்து போடலாம், பயப்படாதீர்கள் என்கிறார் இப்போதைய டாக்டர். நியாயமாகத்தான் பேசுகிறார். முன்னால் போட்ட ஊசி எட்டு மாதம் என் கையை எனக்குத் திருப்பிக் கொடுத்தது என்பதும் உண்மை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மணிக்கட்டை அசையாமல் பிடிக்கும் ஸ்ப்ளின்ட் கட்டிக்கொண்டு ஒரு நாளைக்கு ஒரு ஜாக்கெட் வெட்டுகிறேன். எனக்குத் தைக்கும் ஜாக்கெட்டில் மட்டும் கையை மணிக்கட்டு வரை இறக்கி வைக்கிறேன், இந்த வெயிலிலும்.